தலையிட முகாந்திரம் இல்லை

டெண்டர் விவகாரங்களில் இந்த நீதிமன்றம் மேல்முறையீட்டு அதிகாரியைப் போல உட்கார்ந்துகொண்டு… உட்கார்ந்துகொண்டு என்ற இடத்தில் வாக்கியம் நின்றுவிடுகிறது. மூன்று வருடமாக எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம்தான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும், சுருக்கெழுத்தாளர் நான் வாயைத் திறக்கும் முன்பே பாதியை எழுதிவிடுவார். இன்று உட்கார்ந்துகொண்டு என்பதோடு நின்றுபோய், நான் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிகிறது. தேக்கு மேஜை, ஏ.சி.யின் உறுமல், டிபன் டப்பாவில் தயிர்சாதம், ஓரத்தில் ஒரு நார்த்தங்காய்த் துண்டு. சாதம் இறுகிவிட்டது. இருளாண்டி கதவைச் சாத்திவிட்டு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். எனக்கு முன்னால் வெள்ளிச் செங்கோலைப் பிடித்துக்கொண்டு "உஷ்" என்று வழிவிடச் சொல்லி நடக்கிற தபேதார் அவர். அந்த உஷ் சத்தத்தில் வராந்தாவே சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நேற்றுவரை என்னோடு தோளுரசி நின்று பஜ்ஜி தின்ற வக்கீல்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொள்வார்கள். மற்ற நீதிபதிகள் சேர்ந்து சாப்பிடும் அறைக்கு இன்று போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன். தலைவலி இல்லை. மதியம் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தத் தகன மேடை வழக்கில் உத்தரவு சொல்ல வேண்டும், காலையிலேயே வாதம் முடிந்துவிட்டது, "உணவு இடைவேளைக்குப் பிறகு ஆணை" என்று நானேதான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அங்கேயே சொல்லியிருக்கலாம். அரைப் பக்கம். தலையிட முகாந்திரம் இல்லை, மனு தள்ளுபடி, செலவுத்தொகை இல்லை. நகராட்சி வக்கீல் வைத்தியலிங்கம்கூட ஆச்சரியமாகத்தான் பார்த்தார், இதற்கெல்லாம் இடைவேளையா என்று.

வழக்கு எளிமையானதுதான். வடமலையூர் நகராட்சிக்கு ஒரு எரிவாயு தகன மேடை. அதைப் பத்து வருடத்துக்கும் மேலாக நடத்திவந்தது துணைக்கரம் என்ற சின்ன அறக்கட்டளை. அதன் நிர்வாகி முத்துப்பேச்சி என்ற பெண்மணி. இந்தத் தடவை நகராட்சி டெண்டர் விட்டபோது ஒரு புது நிபந்தனை சேர்த்தது: மூன்று உள்ளாட்சிகளிலாவது தகன மேடை நடத்திய அனுபவம் வேண்டும். முத்துப்பேச்சிக்கு ஒன்றுதான். அதே ஒன்றுதான். தகுதிச் சுற்றிலேயே வெளியே போய்விட்டார்கள். கிடைத்தது வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு. பூங்கா, கழிப்பறை, பேருந்து நிலையம், தகன மேடை எல்லாம் பராமரிக்கிற நிறுவனம், இணையத்திலேயே நேரம் பதியலாம், கேமரா இருக்கும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை அங்கிருந்தே பார்க்கலாம். முத்துப்பேச்சியின் வக்கீல் சின்னப்பையன்தான், தமிழ்க்குமரன், கழுத்துப்பட்டை ஒருபக்கம் கோணிக்கொண்டிருந்தது. "இந்த நிபந்தனை ஒருத்தருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, மை லேடி" என்றான். "அளவெடுத்ததற்கு ஆதாரம் இருக்கிறதா? யாராவது யாருக்காவது சாதகமாக நடந்தார்கள் என்று உங்கள் மனுவில் இருக்கிறதா?" என்று கேட்டேன். இன்னொரு வக்கீலாக இருந்தால் சுற்றி வளைத்திருப்பார். அவன் ஒரு நொடி வழக்குக் கட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "இல்லை, மை லேடி" என்றான். அந்த "இல்லை"யில் வழக்கு முடிந்துவிட்டது. அவனுக்கும் அது தெரிந்தது. வைத்தியலிங்கம் எழுந்து மெதுவாக, அவருடைய வழக்கமான சாந்தத்தோடு, ஊருக்குக் கிழக்கே இரண்டாவது தகன மேடை கட்டிக்கொண்டிருக்கிறோம், இரண்டையும் சேர்த்து நடத்தத் தெரிந்தவர் வேண்டும் என்று நகராட்சி நினைத்தது, நிபந்தனையை எழுதியவருக்குத்தான் அதன் தேவை தெரியும் என்றார். அவ்வளவுதான். காரணம் இருக்கிறது. நல்ல காரணமா? எனக்கு நல்லதாகப் படவில்லை. பொதுக்கழிப்பறை நடத்திப் பழகியவர்களிடம் பிணத்தைக் கொடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் என் மனசு யாருக்கு வேண்டும்? மோசமான காரணமும் காரணம்தான். காரணமே இல்லாமல் செய்தால், யாருக்கோ கொடுப்பதற்கென்றே செய்தால், மனசாட்சி உள்ள எவனும் செய்யமாட்டாத காரியமாக இருந்தால், அப்போது நான் கை வைக்கலாம். மற்றபடி அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தை நான் பார்க்கக்கூடாது. போன வழி நேரானதா என்று மட்டும் பார்க்கலாம்.

"வழி நேரா இருந்தா குழியில போய் விழலாமா?" என்று கேட்பார் என் வீட்டுக்காரர். சாப்பாட்டு மேஜையில், தட்டில் ரசத்தை வழித்துக்கொண்டே. கல்லூரியில் இயற்பியல் நடத்தியவருக்கு சட்டத்தை வம்புக்கிழுப்பதில் ஒரு சந்தோஷம். அப்போது நான் வக்கீல், வாய் சும்மா இருக்காது. "ஒவ்வொரு டெண்டரையும் நீதிபதி எழுதினா ஊரை யாரு நடத்தறது? ஓட்டுக் கேட்டு ஜெயிச்சவங்க என்ன பண்றது? அஞ்சு வருசத்துக்கு ஒருதடவை ஜனங்க அவங்களை மாத்தலாம். எங்களை யாரு மாத்துவாங்க?" அவர் சிரிப்பார். "அப்ப குழி?" "குழின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்?" நான் அதை நம்பித்தான் சொன்னேன், இப்போதும் நம்புகிறேன். என் சீனியரிடம் சேர்ந்த புதிதில் ஆற்றுப்பாலம் ஒன்றின் டெண்டருக்கு அவர் தடை வாங்கினார். அப்பழுக்கில்லாத வாதம், கட்டைச் சுமந்துகொண்டு பின்னால் நின்ற எனக்கே புல்லரித்தது. தடை வருடக்கணக்கில் நீண்டது. மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் அந்தப் பாலத்தைப் பார்ப்பேன், மேலே ஒன்றுமில்லாமல் தூண்கள் மட்டும், ஒவ்வொரு தூண் தலையிலும் ஒரு கொக்கு. கீழே இடுப்பளவுத் தண்ணீரில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கடப்பார்கள். கடைசியில் டெண்டரில் தப்பே இல்லை என்று தீர்ப்பாயிற்று. நீதிமன்றம் கை வைத்தாலும் குழி உண்டு, அந்தக் குழிக்கு யாரும் நீதிபதியைக் கேள்வி கேட்பதில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டாரா? நினைவில்லை. ரசம் இன்னும் கொஞ்சம் கேட்டார் என்று நினைக்கிறேன். ஒருவரோடு முப்பது வருடம் பேசியதில் எது எந்த இடத்தில் முடிந்தது என்று தெரியாமல் போவது எவ்வளவு அநியாயம். வழக்கு என்றால் ஒரு உத்தரவு இருக்கும். நகல் வாங்கிக்கொள்ளலாம்.

நார்த்தங்காய் கசக்கிறது. நேற்று வீட்டில் கட்டைப் படித்தபோதே ஊர் பெயரைப் பார்த்தேன். வடமலையூர். கண் அங்கே நின்றது, பிறகு அடுத்த வரிக்குப் போனது. ஊரைத் தெரியும் என்பதற்காக ஒரு நீதிபதி வழக்கை விட்டுவிட முடியுமா, மாநிலத்தில் எனக்குத் தெரியாத ஊர் எது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கொரோனா இரண்டாவது அலையின் அந்த மே மாதம், அவருக்கு மதுரையில் ஆஸ்பத்திரிப் படுக்கை கிடைக்கவில்லை. யார் யாரையோ கூப்பிட்டேன். வடமலையூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு ஒன்று இருக்கிறது என்றார்கள், கொண்டுபோனோம், இருந்தார், பிறகு இல்லை. மகன் செந்தூரன் மெல்போர்னில் விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டான், போனில் அழுதான், பிறகு அழுவதற்கும் சிக்னல் இல்லை. ஊருக்குக் கொண்டுவர அனுமதியில்லை. ஆம்புலன்ஸ் பின்னாலேயே நான் ஒருத்தி வாடகைக் காரில். தகன மேடை வாசலில் வண்டிகள் வரிசை. வெயில். வேப்பமரத்தடியில் ஆளுக்கொரு மூலையில் நின்றோம், யாரும் யாரையும் நெருங்கவில்லை, ஒருவர் அழுவதை இன்னொருவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் முறை வந்தபோது வெள்ளைக் கவச உடைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "பேரு என்னம்மா?" சிவகாமிநாதன் என்றேன். "உங்களுக்கு?" "வீட்டுக்காரர்." அவள் அந்தப் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "திறக்க முடியாதும்மா. உள்ள போறதுக்கு முன்னாடி கூப்பிட்டுச் சொல்லிருவேன், நீங்க இருக்கீங்கன்னு. வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?" என்ன சொல்வேன்? பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கோர்ட்டில் கத்திப் பேசுகிறவள், அம்மா பழக்கிய பழக்கம், ஒருநாள்கூடப் பெயரைச் சொன்னதில்லை. "இங்க பாருங்கன்னுதான் கூப்பிடுவேன்" என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது, அந்த இடத்தில், அந்த நேரத்தில். அவள் சிரிக்கவில்லை. குனிந்து, பையின் தலைமாட்டில் வாயை வைத்து, "இங்க பாருங்க சார், அம்மா வந்திருக்காங்க. இங்கதான் நிக்கிறாங்க. பயப்படாமப் போங்க" என்றாள். பிறகு கம்பிக் கதவு. அந்தச் சத்தம். வெளியில் அடுத்த வண்டியின் எஞ்சின்.

அந்தக் குரல்தான். காலையில் தமிழ்க்குமரன் ஏதோ விவரம் கேட்கத் திரும்பினான், கடைசி வரிசையில் கரும்பச்சைச் சேலையில் நின்றிருந்த பெண்மணி, "ஆமா சார், நாங்கதான்" என்றாள். மூன்று வார்த்தை. முகத்தை நான் அன்று பார்க்கவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் மட்டும்தான், அதுவும் வியர்வையில். ஆனால் குரல் எனக்குள் அப்படியே இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததால் தேயாமல் இருந்திருக்கிறது போல. செந்தூரனிடம்கூடச் சொல்லவில்லை. வக்கீல் தோழி ஜோஸ்பினிடம் என்றாவது சொல்லியிருப்பேன். இருபது வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம், என் டப்பா அவளுக்கு, அவள் டப்பா எனக்கு. அவர் போன அடுத்த வருடம் என்னை நீதிபதியாக்கினார்கள். பதவியேற்பன்று ஜோஸ்பின் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதாள். அதோடு சரி. அவளுக்கு என் முன்னால் வழக்குகள் வரும், இனி வீட்டுக்கு வரக்கூடாது, போனில் பேசக்கூடாது. யாரும் சட்டம் போடவில்லை, இரண்டு பேருக்கும் தெரியும். போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. "எப்படி இருக்கீங்க, மை லேடி?" என்றாள். கல்யாண மண்டபத்தில், பந்திக்குப் போகிற வழியில். நான் நல்லா இருக்கேன் ஜோஸ் என்றேன். ஜோஸ் என்றதும் அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

சரி. என்ன செய்யப்போகிறேன்? எதுவும் சொல்லாமல் தள்ளுபடி செய்யலாம். சட்டப்படி சரி, மேல்முறையீட்டில் அசையாது, யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் குரலைக் கேட்ட நொடியிலிருந்து நான் ஓட்டை தேடிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். நகராட்சித் தீர்மானத்தை மூன்று தடவை புரட்டினேன். நிபந்தனையை மாற்றும் முன் யாரையாவது கேட்டார்களா, ஒப்பந்தக் குழு முறையாகக் கூடியதா, விளம்பரம் சரியாக வந்ததா. எல்லாம் சரியாக இருக்கிறது. சரியாக இருப்பது எரிச்சலாக இருக்கிறது. ஒரு கையெழுத்து குறைந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன், பிடித்துக்கொண்டு அதை நீதி என்று பத்துப் பக்கம் எழுதியிருப்பேன், எல்லோரும் பாராட்டியிருப்பார்கள். பயமாக இருக்கிறது. இத்தனை நாள் எத்தனை பேருக்கு முகாந்திரம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன், அவர்களில் யார் யாருக்கு என்ன செய்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியுமா? தெரியாததால் சுலபமாக இருந்தது. அப்படியானால் அந்தச் சுலபம்தான் நடுநிலையா? இல்லை, அப்படியும் இல்லை, அந்த வழிக்குப் போகாதே. வழக்கை வேறு அமர்வுக்கு அனுப்பலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, "என் முன் பட்டியலிட வேண்டாம்" என்று ஒரு வரி போதும். அடுத்த அறையில் உள்ளவர் இதை இரண்டு நிமிடத்தில் தள்ளுபடி செய்வார். என் கை சுத்தம். அவளுக்கு இன்னொரு பஸ் பயணம், இன்னொரு நாள், வக்கீலுக்கு இன்னொரு தடவை, முடிவு அதேதான். கை கழுவுவதற்கு இன்னொருத்தியின் தண்ணீரையா எடுப்பது? அல்லது திறந்த நீதிமன்றத்தில் சொல்லிவிடலாம். சொல்வது என்றால்… எப்படிச் சொல்வது? வீட்டுக்காரர் என்றா, கணவர் என்றா, மறைந்த என்று சேர்த்தா? தட்டச்சு செய்வார்கள். நாளைக்குக் கேன்டீனில் பேசுவார்கள். ஜோஸ்பின் அவர்கள் வாயால் கேட்பாள். இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கே கூச்சம்: அவளுக்கு என்னை ஞாபகம் இருக்குமா என்று தெரிந்துகொள்ள ஆசை. அன்று அங்கே நடந்ததைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி நான். இரண்டாவது ஆள் இப்போது வராந்தாவில் எங்கோ எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

கதவு மெதுவாகத் தட்டப்படுகிறது. இருளாண்டி. "அம்மா, நேரமாச்சு." டப்பாவைப் பார்க்கிறார். "சாப்பிடலையாம்மா?" "போதும் இருளாண்டி." அவர் கருப்பு அங்கியை எடுத்து நீட்டுகிறார். உஷ். வராந்தா சுவரோடு ஒட்டுகிறது.

எல்லோரும் எழுந்து, குனிந்து, உட்கார்ந்தார்கள். வழக்கு எண்ணைப் படித்தார்கள். தமிழ்க்குமரன் எழுந்து நின்றான், கழுத்துப்பட்டையை யாரோ சரிசெய்துவிட்டிருந்தார்கள். சுருக்கெழுத்தாளரின் பென்சில் தயாராக இருந்தது. டெண்டர் விவகாரங்களில் என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

"உத்தரவு சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்றது என் குரல். "இரண்டாவது அலையின்போது, மே மாதத்தில், என் கணவரின் உடல் இந்தத் தகன மேடையில்தான் எரியூட்டப்பட்டது. மனுதாரர்தான் அங்கே இருந்தார். காலையில்தான் அவரை அடையாளம் தெரிந்தது. இது இரு தரப்புக்கும் தெரிய வேண்டும். யாராவது ஒருவருக்கு ஆட்சேபணை இருந்தாலும் வழக்கை வேறு அமர்வுக்கு அனுப்பிவிடுகிறேன். சங்கடப்பட வேண்டியதில்லை."

மின்விசிறிச் சத்தம் கேட்டது. இவ்வளவு பேர் இருக்கும் அறையில் மின்விசிறிச் சத்தம் கேட்பது அபூர்வம். வைத்தியலிங்கம் எழுந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த நகராட்சி அதிகாரியை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நகராட்சிக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, மை லேடி. எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சாரை எனக்குத் தெரியும். என் தம்பிக்குப் பாடம் எடுத்தவர்" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்பதுபோல உட்கார்ந்தார். தமிழ்க்குமரன் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தான். "கட்சிக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன், மை லேடி." "அவரையே முன்னால் வரச் சொல்லுங்கள்."

தமிழ்க்குமரன் விஷயத்தைச் சொல்லி அழைக்க, முத்துப்பேச்சி வந்தாள். நான் நினைத்ததைவிட உயரம் குறைவு. முன்வரிசை வக்கீல்கள் காலை ஒதுக்கிக்கொண்டார்கள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், கண்ணை இடுக்கிக்கொண்டு, தூரத்துப் பஸ்ஸின் பலகையைப் படிப்பதுபோல. நான் கண்ணாடியைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியாது.

"எந்த மாசம்மா?"

"மே."

"அந்த மாசமா…" தலையை ஆட்டினாள். "ஞாபகம் இல்லம்மா. பொய் சொல்லக்கூடாது. அப்ப வந்தவங்க முகம் ஒண்ணும் ஞாபகத்துல இல்ல, எல்லாரும் மூடியிருந்தாங்க, நானும் மூடியிருந்தேன்." பிறகு அவள் முகம் மாறியது. குரல் இறங்கியது. "நான் எதாச்சும் தப்பா நடந்துக்கிட்டேனாம்மா? அப்ப நாங்க ரொம்ப அவசரப்பட்டோம், சில பேருகிட்ட சத்தம் போட்டுருக்கேன்…"

"இல்லை" என்றேன். இன்னும் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் தேயாமல் வைத்திருந்ததை இப்போது சொல்லலாம், இங்க பாருங்க என்று இரண்டே வார்த்தை, அவள் ஒருவேளை நினைவுகூர்வாள். பென்சில் காத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவளுக்கு இல்லை என்று சொல்லப்போகிறவள், இப்போது நன்றி சொல்லி எதை வாங்கப் பார்க்கிறேன்? "இல்லை. நன்றாகத்தான் நடந்துகொண்டீர்கள்."

அவள் மூச்சு விட்டாள். "அப்ப நீங்களே சொல்லிருங்கம்மா. வேற கோர்ட்டுன்னா இன்னொரு நாள் வரணும். அங்க ஆளு பத்தாது, இன்னிக்கே ரெண்டு பேரை வச்சுட்டு வந்திருக்கேன்."

தமிழ்க்குமரன், "மனுதாரருக்கும் ஆட்சேபணை இல்லை, மை லேடி" என்றான். வேறு வழி எதுவும் மிச்சமில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். டெண்டர் விவகாரங்களில் இந்த நீதிமன்றம் மேல்முறையீட்டு அதிகாரியைப் போல உட்கார்ந்துகொண்டு, நிர்வாகத்தின் முடிவுக்குப் பதிலாகத் தன் முடிவை வைக்க முடியாது. வாக்கியம் முழுதாக வந்தது. நிபந்தனை எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்தது, அதற்குக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது, அதைவிட நல்ல காரணம் இருந்திருக்கலாம் என்பது தலையிடப் போதுமானதல்ல. மனுதாரரின் பல்லாண்டுப் பணியை நகராட்சியே மறுக்கவில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை, தெரியும். இருந்தும் அதை அடித்துவிடச் சொல்லவில்லை. என் குரல் எனக்கு யாருடையதோ போலக் கேட்டது, கெட்டியாக, பிசிறில்லாமல். தலையிட முகாந்திரம் இல்லை. மனு தள்ளுபடி. செலவுத்தொகை இல்லை. உத்தரவை ஆங்கிலத்தில் சொன்னதால் முத்துப்பேச்சிக்குப் புரியவில்லை, தமிழ்க்குமரன் குனிந்து காதில் சொன்னான். அவள் சரி என்றாள். அழவோ, என்னைச் சபிக்கவோ, கும்பிடவோ இல்லை. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"சொல்லுங்கள்."

"யாரும் வந்து வாங்காத சாம்பல் இருக்கு. பின்னாடி ஒரு ரூம்ல வச்சிருக்கேன், அந்த வருசத்துலருந்து. வருவாங்க வருவாங்கன்னு பார்த்தேன், வரல. வர்ற ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் கொண்டுபோய்க் கரைச்சிரலாம்னு இருந்தேன். புதுசா வர்றவங்களுக்கு அது என்னன்னு தெரியாது, கூட்டி வெளிய போட்டுருவாங்க. அது வரைக்கும் அந்த ரூமை மட்டும் என்கிட்ட விடச் சொல்லுங்கம்மா."

அது மனுவில் இல்லாத கோரிக்கை. டெண்டரிலும் இல்லை, சட்டத்திலும் நான் எங்கும் படித்ததில்லை. வைத்தியலிங்கத்தைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே எழுந்து நின்றிருந்தார். "அதிகாரியிடம் கேட்க வேண்டுமா?" என்றேன். "தேவையில்லை, மை லேடி. அறை அவரிடமே இருக்கும். நகராட்சி வண்டியும் கொடுக்கும். என் வார்த்தையாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்." பின்னால் அதிகாரி எழப் பார்த்தார், வைத்தியலிங்கம் திரும்பாமலே கையால் உட்காரச் சொன்னார். நான் பதிவு செய்தேன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, சுருக்கெழுத்தாளர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு மெதுவாக. அந்த அறை, அதில் இருப்பவை, ஆடி அமாவாசை வரை, மனுதாரர் வசம். வேறு யாரும் திறக்கக்கூடாது.

"நல்லதும்மா" என்றாள் முத்துப்பேச்சி. விலகிப் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நினைவு வந்துவிட்டதோ என்று நிமிர்ந்தேன். அவள் மறந்து வைத்த மஞ்சப்பையை எடுக்கத் திரும்பியிருக்கிறாள். எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாவது போல வேகமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவுக்கு வெளியே போனாள். இனி அவளை எங்கே பார்ப்பேன். அங்கே நடந்தது இனி என்னிடம் மட்டும்தான் இருக்கும். நான் போகும்போது அதுவும் போகும், அதற்கும் யாரிடமும் முறையிட முடியாது. நடு வரிசையில் ஜோஸ்பின் உட்கார்ந்திருந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, கட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பதுபோலக் குனிந்திருந்தாள், பக்கத்தைத் திருப்பவே இல்லை. நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் இரண்டு பேரும் தாங்கமாட்டோம்.

அடுத்த வழக்கு. ஏதோ ஊரில் ஏதோ சாலை, யாருடைய ஒப்பந்தத்தையோ ரத்து செய்திருக்கிறார்கள். ஒரு வக்கீல் கணீரென்று பேசிக்கொண்டிருந்தார், நான் அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தார், ஜல்லி, காலக்கெடு என்றெல்லாம் காதில் விழுந்தது. அவர் நிறுத்திவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். அறையே காத்திருந்தது. கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டேன்.

"மன்னிக்கவும்" என்றேன். "நான் கவனிக்கவில்லை. முதலிலிருந்து சொல்லுங்கள்."

அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.